பெயரற்ற புட்டிகள்

வீட்டில் பீர் தயாரிப்பவர்களுக்குப் பாராட்டுக்குக் குறைவே இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் யார்? நாங்கள் இருவரும் இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து தயாரிக்கிறோம். அருந்திய நண்பர்கள் அனைவரும் ‘பிரமாதம்’ என்றே கூறிச் சென்றிருக்கிறார்கள். அச்சொல்லின் மீதிருந்த நம்பிக்கை தேய்ந்துபோனதால், இம்முறை போட்டிக்கு அனுப்புவதென முடிவு செய்தோம்.

நாங்கள் வசிக்கும் கொலராடோவில் இதற்கு ஒரு மரபு உண்டு. 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய பின்னரும் வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே மத்திய அரசின் அத்தடையை அகற்றியது. அதே ஆண்டில் இம்மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பபேசியனும் சார்லி மாட்ஸனும் வீட்டுத் தயாரிப்பாளர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினர். பெரியவர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர், தயாரிக்கலாம், விற்கலாகாது. ஆகவே இவ்வுழைப்புக்குக் கிடைக்கக்கூடிய கூலி ஒரு நேர்மையான சொல் மட்டுமே.

நொதித்து அடங்கிய 19 லிட்டர் பேல் ஏலில், கொதிக்க வைத்து ஆற்றிய சர்க்கரைக் கரைசலைச் சேர்த்தோம். சர்க்கரை சுமார் 115 கிராம். எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று புட்டிக்குள் வாயுவை உண்டாக்கும். சர்க்கரை குறைந்தால் நுரை எழாது. மிகுந்தால் புட்டி வெடிக்கும். குழாயை அடிவரை இறக்கி, சலசலப்பின்றி நிரப்பினோம். காற்று கலந்தால் நாளடைவில் நனைந்த அட்டையின் சுவை ஏறிவிடும். பழுப்புக் கண்ணாடியே உகந்தது; வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வீசும். பின்னர் மூன்று வாரக் காத்திருப்பு.

போட்டிக்குரிய புட்டியில் எந்த அடையாளமும் இருக்கலாகாது. மூடியிலிருந்த எழுத்துகளைக் கறுப்பு மையால் மறைத்தோம். விவரச் சீட்டை ரப்பர் பேண்டால் கட்டினோம். நடுவரிடம் செல்லுமுன் அதையும் கழற்றிவிடுவார்கள். 50 மதிப்பெண்ணில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. மதிப்பெண்ணோடு நடுவர் தம் கருத்தையும் எழுதித் தர வேண்டும். கவிஞரின் பெயரை மறைத்துவிட்டுக் கவிதையை விவாதிக்கும் கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம்மில் எத்தனை பேர் அங்கே துணிந்து செல்வோம்?

எங்களுக்குள் ஒரு வழக்கும் தீராமல் கிடக்கிறது. கடைசி மிடறில் மெல்லிய வெண்ணெய் மணம் இருப்பதாக எங்களில் ஒருவர் சொல்கிறார். மற்றவர் இல்லை என்கிறார். டயசெட்டில் என்னும் பொருள் தரும் மணம் அது. அதை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால் இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால், நட்பு கருதி இருவரும் அப்பேச்சைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டோம். தவிர்க்கத் தொடங்கிய பின் சேர்ந்து தயாரிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மூன்று புட்டிகளும் குமிழி உறையில் சுற்றப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டன. பதக்கம் பற்றிய ஆசை எங்களுக்கு அதிகமில்லை. முன்பின் அறியாத ஒருவர் எழுதப்போகும் தாளில் ‘வெண்ணெய்’ என்ற சொல் இருக்குமா, இராதா? எதுவாயினும், அடுத்த முறை அடுப்பை மூட்டும்போது நாங்கள் மீண்டும் மனம்விட்டுச் சண்டையிட முடியும்.