பாதி எரிந்த தீக்குச்சி

ஏழாயிரம்பண்ணையில் பிறந்த எனக்குத் தீக்குச்சியைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அம்மா திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டுவார். அத்தா கீழே கிடக்கும் குச்சியை எடுத்து, மருந்து சரியாக ஏறியுள்ளதா என்று ஒரு பார்வையிலேயே கூறிவிடுவார். ஆதலின், ஆர்தர் கானன் டாயிலின் 'சில்வர் பிளேஸ்' என்னும் 1892-ஆம் ஆண்டுக் கதையைப் படித்தபோது, ஷெர்லாக் ஹோம்ஸ் சேற்றிலிருந்து கண்டெடுத்த பாதி எரிந்த மெழுகுத் தீக்குச்சி என் மனத்தில் பதிந்துவிட்டது. காவல் ஆய்வாளர் காணத் தவறியதை ஹோம்ஸ் கண்டார், தேடியதால் கண்டார்.

இத்தகைய கதைகள் திரைக்கு வரும்போது ஓர் இடர் நேர்கிறது. எழுத்தில் அக்குச்சி பல சொற்களுக்கிடையே ஒரு சொல். வாசகன் கவனியாது கடந்துவிடலாம். திரையிலோ, கேமரா நெருங்கிய மாத்திரத்தில் 'இதுவே துப்பு' என்று விரல் நீட்டிவிடுகிறது. அக்கதையின் பெருந்துப்பு, இரவில் நாய் குரைக்கவில்லை என்பது. நிகழாத ஒன்றை எவ்வாறு படம்பிடிப்பது?

ஜெரிமி பிரெட் நடிப்பில் 1984 முதல் 1994 வரை வெளிவந்த ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர், மூலக்கதையின் காலத்தையும் சூழலையும் போற்றிக் காத்தது. 2010-இல் தொடங்கிய 'ஷெர்லாக்' தொடர் அவரை இன்றைய லண்டனுக்குக் கொணர்ந்து, அவர் எண்ணங்களைத் திரையில் எழுத்துகளாக மிதக்கவிட்டது. முன்னது நம்மைச் சிந்திக்க விடுகிறது. பின்னது அவர் சிந்திப்பதை வியக்கச் செய்கிறது. என் மனம் முன்னதன் பக்கமே சாய்கிறது.

தமிழில் ஹோம்ஸின் சாயலில் மிஷ்கின் இயக்கிய 'துப்பறிவாளன்' 2017-இல் வெளிவந்தது. விஷால் ஏற்ற நாயகனின் பெயர் கணியன் பூங்குன்றன். புறநானூற்றுப் புலவரின் பெயரைத் துப்பறிவாளனுக்கு இடலாமா என்று முதலில் சினந்தேன். கணியன் என்றால் கணித்துக் கூறுபவன் அன்றோ என்று எண்ணியபின் சினம் தணிந்தது. பிற்பகுதியில் சண்டைக் காட்சிகள் அறிவின் இடத்தைப் பிடித்துக்கொள்வது குறையே. ஆயினும், ஒரு சிறுவன் தன் சேமிப்புப் பணத்துடன் வந்து, தன் நாயைக் கொன்றவர் யாரெனக் கேட்கும் காட்சிக்காக அப்படத்தை மதிக்கிறேன்.

வகுப்பில் இதைக் கூறியபோது மாணவர் சிலர் நகைத்தனர், "ஐயா, ஒரு நாய்க்குத் துப்பறிவாளரா?" என்றார் ஒருவர். அப்பொழுது என் பள்ளித் தோழன் நினைவுக்கு வந்தான். பட்டாசுத் தொழிற்கூடம் ஒன்றில் நேர்ந்த விபத்தில் அவன் தாயார் இறந்தார். உராய்வினால் தீப்பற்றியது என்று மறுநாள் செய்தி வந்தது. "எது எதனோடு உராய்ந்தது?" என்று அவன் எங்களிடம் கேட்டான். எவரும் விடை கூறவில்லை. விடை தேடவும் இல்லை. 2021 பிப்ரவரியில் எங்கள் ஊரை அடுத்த அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டபோதும் அவன் கேள்வியே என் செவியில் ஒலித்தது.

தொப்பியும் புகைக்குழாயும் போகட்டும், லண்டன் சென்னையாகட்டும். எளியவனின் கேள்வியையும் ஏற்று விடை தேடும் பண்பு மட்டும் திரையில் குன்றலாகாது. மாணவச் செல்வங்களே, முதலில் கதையைப் படியுங்கள். பின்னர்ப் படத்தைப் பாருங்கள். கேமரா காட்டுவதோடு நில்லாமல், அது காட்டாமல் விட்டதையும் தேடுங்கள்.