உள்ளியும் குளிசையும்

அம்மம்மா மூன்று கிழமையாகப் பிரஷர் குளிசை போடவில்லை என்பது லீவுக்கு வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. "உள்ளி சாப்பிடுறன்தானே பிள்ளை, இதயத்துக்கு நல்லதாம்" என்றா. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ.

கோபம் வந்தது. ஆனால் அவ சொன்னது முழுப் பொய்யும் இல்லை. உள்ளியை நசுக்கும்போது அல்லிசின் என்ற கந்தகச் சேர்வை உண்டாகிறது. பிரஷர் கூடியவர்களுக்கு உள்ளி அதைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. முழுப் பல்லாகக் கொதிக்கிற ரசத்தில் போட்டால் அல்லிசினை உண்டாக்கும் நொதியம் சூட்டில் செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போடுவது நல்லது.

வீடியோ விழுங்கிவிட்டது அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைத்தான். குளிசையை நிற்பாட்டினால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும். பாரிசவாதம் வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். வாபரின் போடுகிறவர்கள் உள்ளியை மருந்துபோல அள்ளிச் சாப்பிட்டால் இரத்தப்போக்கு ஆபத்தும் இருக்கிறது.

இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன். அம்மம்மா பேசாமல் கிளினிக் கொப்பியை எடுத்துத் தந்தா. போன மாதத் திகதி தவறியிருந்தது.

"கூட்டிக்கொண்டு போக ஆளில்லைதானே பிள்ளை."

அடுத்த நாள் விடிய, இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.