தேய்ந்த புஷ்

நோய் ஓரிடத்திலும் மருத்துவம் வேறிடத்திலுமாக நடப்பது மனிதர்க்கே உரிய துன்பம் அன்று. பழைய மோட்டார் வண்டிகளுக்கும் அது நேர்கிறது. என் தந்தையார் 1989-இல் பழைய வண்டியாக வாங்கி, ஆண்டுதோறும் எங்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்றுவந்த 1981-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4, அவருக்குப் பின் என் பொறுப்பில் வந்தது. சென்ற ஆண்டு அது மேட்டில் திணறவும், நிற்கையில் நடுங்கவும், அவ்வப்போது புகைக்குழாயில் வெடிக்கவும் தலைப்பட்டது. ஒரு பட்டறையில் பாயிண்டும் கண்டென்சரும் புதிதாக மாற்றினார்கள். கார்புரேட்டரையும் கழற்றி மாட்டினார்கள். மற்றொன்றில், எஞ்சினையே பிரித்து போர் செய்ய வேண்டும் என்று, வண்டியின் விலையை விஞ்சும் தொகையைச் சொன்னார்கள். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை; அன்று இரவு உண்ணவும் இல்லை.

சிவாஜி நகரில் மோட்டார் மின்வேலை பார்க்கும் முதியவர் ஒருவரிடம், கடைசியாக ஒரு வார்த்தை கேட்கச் சென்றேன். அவர் எஞ்சினை ஏறிட்டும் பார்க்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். (தூய தமிழில் மின்பகிர்வி எனலாம், ஆனால் ஜே.சி. சாலையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.)

இக்கருவியின் உருவம் சிறிது, கணக்கோ பெரிது. எஞ்சின் இருமுறை சுழலும்போது இதன் தண்டு ஒருமுறை சுழலும். அந்த ஒரு சுற்றில் பாயிண்ட் நான்கு முறை திறக்கும். திறக்குந்தோறும் காயிலில் பிறக்கும் உயர்அழுத்த மின்சாரத்தை ரோட்டார் 1, 3, 4, 2 என்னும் வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழன்றால், நொடிக்கு 100 பொறி!

பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். பெரியவர் ஃபீலர் கேஜ் வைத்து அளந்தார், சரியாகவே இருந்தது. பிறகு தண்டின் தலையை விரலால் பக்கவாட்டில் தள்ளினார். இடைவெளி கண்ணெதிரே விரிந்தது. மறுபுறம் தள்ளினார், ஏறக்குறைய மூடிக்கொண்டது.

"பாயிண்ட் என்ன செய்யும் சார்? அதைத் திறக்கிற ஷாஃப்டே ஆடுது. புஷ் போயிடுச்சு" என்றார்.

தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டால், கேமின் நான்கு முனைகளும் பாயிண்டை நான்கு விதமாகத் திறக்கும். பொறி ஒரு சிலிண்டரில் முந்தும், ஒன்றில் பிந்தும். அந்நிலையில் எத்தனை புதுப் பாயிண்ட் போட்டும் பயனில்லை. அவர் அத்துடன் விடவில்லை. வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். உள்ளிருந்த தட்டு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நின்றது. சவ்வு கிழியவில்லை என்று அதனால் தெளிந்தார்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டதால், புது டிஸ்ட்ரிபியூட்டருக்கு எங்கே அலைவது என்று நான் கலங்கினேன். அவரோ, கருவி நின்ற கோணத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு கழற்றினார்; லேத்தில் புதுப் புஷ் கடைவித்துப் பொருத்தினார்; டைமிங்கையும் மறுபடி வைத்தார். இரண்டு நாள் வேலை. கூலியாகக் கேட்டதைச் சொன்னால் பட்டறைக்காரர்கள் நாணுவர்.

மறுநாள் இரும்புக்காரர் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவே எடுத்து, "வண்டி வெளியே போயிருக்கு" என்று வைத்துவிட்டார்.