அம்மாவன் வீட்டு ஓண இலை

அத்தம்

ஓணத்தன்று தாய்மாமனான அம்மாவன் வீட்டில் இலை போட்டு, மருமக்களான சகோதரியின் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவது திருவனந்தபுரத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் நடந்துவரும் வழக்கம். ஆவணியில், மலையாளக் கணக்கில் சிங்க மாதத்தில், அத்த நட்சத்திரம் வரும் நாளில் அதற்கான எதிர்பார்ப்பு தொடங்குகிறது. அன்றுமுதல் திருவோணம்வரை தினமும் காலையில் முற்றத்தில் பூக்களம். முன்பு வேலியோரத் தும்பையே போதுமாக இருந்தது. இப்போது செண்டுப்பூவும் வாடாமல்லியும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து லாரி ஏறி வருகின்றன. ஓணத் தேர்வு முடிந்து பள்ளி அடைத்ததும் மருமக்கள் வந்துசேர, பூக்களத்தின் அளவு நாளுக்கு நாள் கூடுகிறது.

சித்திரை, சோதி

ஓண நாட்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் திருவிதாங்கூர் மன்னர் பலரின் பெயர்கள் வந்துவிடும். பிறந்த நட்சத்திரத்தால் மன்னரை அழைப்பது அந்த அரச குடும்பத்தின் மரபு. 1936இல் ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்டவர் சித்திரைத் திருநாள். சோதியின் மறுபெயர் சுவாதி. கர்நாடக இசையில் அழியாத இடம் பெற்றவர் சுவாதித் திருநாள். இவர்களில் எவரும் தந்தையிடமிருந்து அரியணையைப் பெறவில்லை. உரிமை தாய்வழியில் வந்தது.

விசாகம்

1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரைப் பரப்பியவர். பஞ்ச காலங்களில் ஏழை வீடுகளின் வயிற்றை நிரப்பியது அந்தக் கிழங்குதான். இருந்தும் ஓண இலையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சேனையும் சேம்பும் ஏறிய இலையில் மரச்சீனி ஏறாமல் போனது வருத்தத்துக்குரியது.

அனிழம்

தமிழில் அனுஷம். 1729இல் ஆட்சிக்கு வந்த அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்றவர்கள் அவருடைய மாமனின் சொந்த மகன்களான 'தம்பி' பட்டத்தினர். மகனா மருமகனா என்ற அந்தச் சண்டையில் மருமகன் வென்றார். அவர் 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்தார். 1758இல் அவருக்குப் பின் வந்த தர்மராஜாவும் மருமகனே.

அரண்மனையில் இருந்த முறையே நாயர் கூட்டுக்குடும்பங்களான தறவாடுகளிலும் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் இருந்தது. சொத்து தாய்வழியில் இறங்கும். அதை ஆள்பவர் மூத்த தாய்மாமனான காரணவர். அவர் பெற்ற பிள்ளைகள் மனைவியின் வீட்டைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அங்கே வேறொரு அம்மாவன் உண்டு. நாஞ்சில் வேளாளரில் மட்டும் 'உகந்துடைமை' என்ற பெயரில் மக்களுக்குச் சிறு பங்கு இருந்தது. ஆகவே ஓணத்துக்குக் காரணவர் தறவாட்டு உறுப்பினர் எல்லோருக்கும் கொடுத்த புதுத்துணி, அதாவது ஓணக்கோடி, அன்பளிப்பு என்ற கணக்கில் வராது. குடும்பச் சொத்திலிருந்து அவர்களுக்குச் சேரவேண்டியதை அவர் எடுத்துக் கொடுத்தார். அன்று இலைமுன் உட்கார்ந்த சிறுவன் விருந்தாளி அல்ல, வாரிசு.

மூலம்

இந்த முறை உடையத் தொடங்கியது மூலம் திருநாள் காலத்தில். அவர் ஆட்சி 1885 முதல் 1924 வரை. ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்ததில் மனைவி மக்களுக்கும் பங்கு போக 1912ஆம் ஆண்டின் நாயர் சட்டம் வழி செய்தது. 1925இன் சட்டம் தறவாட்டுச் சொத்தை ஆளாளுக்குப் பிரித்துக்கொள்ள அனுமதித்தது. அடுத்த ஆண்டே நாஞ்சில் வேளாளருக்கும் தனிச்சட்டம் வந்தது. அதற்கு முன்பே தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதி, காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியின் வாயால் அந்த முறையின் கொடுமைகளைச் சொல்லவைத்திருந்தார். பழைய தறவாடுகளை எண்ணி ஏங்குவோர் அந்நூலை ஒருமுறை படிப்பது நல்லது. கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்த கேரளச் சட்டம் 1975இல் நிறைவேறி, 1976 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. சொத்துரிமை போனபிறகும் ஓணக்கோடியும் இலையும் அம்மாவன் வீட்டில் தங்கிவிட்டன. கணக்குப் பார்த்துக் கொடுத்தது மாறி, இப்போது மனதாரக் கொடுக்கிறார்கள்.

பூராடம், உத்திராடம்

திருவோணத்துக்கு முந்தைய நாளின் ஓட்டத்துக்கு 'உத்திராடப் பாச்சில்' என்று பெயர். நகரத்தில் அது முழுவேகத்தில் தெரிவது சாலைக் கம்போளத்தில். தர்மராஜாவின் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய சந்தை அது. வாழையிலையும் காய்கறியும் பெருமளவு தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. துணிக்குப் பலர் நம்புவது பக்கத்துப் பாலராமபுரத்தை. தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வேரூன்றவைத்த கைத்தறி அங்குள்ளது. சின்ன மருமக்களுக்குக் கசவுக்கரை போட்ட சிறிய முண்டும் கிடைக்கும்.

வீட்டில் ஏத்தங்காய் சீவித் தேங்காயெண்ணெயில் உப்பேரி வறுபடுகிறது. பெரிய துண்டுகள் வெல்லப்பாகும் சுக்குப்பொடியும் சேர்ந்து சர்க்கரவரட்டி ஆகின்றன. இஞ்சிக்கறியை முந்தின இரவே வைத்துவிடுவார்கள். ஒரு நாள் ஊறினால்தான் காரமும் புளியும் வெல்லமும் கூடிவரும்.

திருவோணம்

விடியலில் பத்மநாபசுவாமி கோயிலில் ஓணவில் சார்த்துகிறார்கள். அனந்தசயனம் முதலிய உருவங்கள் தீட்டிய இந்த மரவில்களைச் செய்வது கரமனையில் உள்ள ஒரு பரம்பரைக் குடும்பம்.

வீட்டில் காலையுணவு பெயருக்குத்தான்: புழுங்கிய ஏத்தம்பழமும் பப்படமும். பெரிய சாப்பாடு நண்பகலுக்கு முன்பே தொடங்கிவிடுவதால் பிள்ளைகள் அதற்குமேல் சாப்பிட்டால் பெரியவர்கள் தடுப்பார்கள். நிலவிளக்கேற்றி முதல் இலை கணபதிக்கு. பிறகு பிள்ளைகளின் பந்தி. நுனி இடப்பக்கம் வர இலை விழுகிறது. இடது ஓரத்தில் உப்பேரியும் சர்க்கரவரட்டியும், மேலே இஞ்சிக்கறி, மாங்காய், நாரத்தங்காய், தொடர்ந்து கிச்சடி, பச்சடி, அவியல், தோரன், எரிசேரி, ஓலன். சோறு வருவதற்குள் சின்னவர்களின் இலையில் இடது ஓரம் காலியாகிவிடும். அதை மீண்டும் நிரப்புவது அம்மாவனின் பொறுப்பு. பருப்பும் நெய்யும் விட்டுப் பப்படத்தை நொறுக்கிப் பிசைந்து, ஊட்டும் வயதுக் குழந்தைக்கு முதல் உருண்டையை அவரே கொடுப்பதும் உண்டு.

அடுத்து சாம்பார். அதன்பின் பாயசங்கள், முதலில் அடைப்பிரதமன். திருவனந்தபுரத்து இலையின் தனிச்சுவை இதற்கடுத்து வருகிறது: கடலைப்பருப்புப் பூரணம் வைத்த மஞ்சள் போளியை இலையில் பிய்த்துப்போட்டு, மேலே பால்பாயசம் ஊற்றிக் கையால் குழைத்து உண்பது. தமிழ்ச் சமையலின் நெருக்கத்தால் இந்நகரத்துக்கு வாய்த்த சேர்க்கை இது. வடகேரளத்து இலைகளில் போளியைக் காண்பது அரிது. ஓடிவரும் பாயசத்தை இலைமடிப்புக்குள் தேக்கி அள்ளும் வித்தையை மருமக்கள் கற்பது இந்தப் பந்தியில்தான். இனிப்புக்குப் பிறகும் சோறு உண்டு: புளிசேரி, ரசம், கடைசியில் மோர்.

எழுந்து கைகழுவியதும் ஓணக்கோடி. வயதில் மூத்தவர் கொடுக்க, பிள்ளைகள் காலைத் தொட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மாலையில் புதுமுண்டோடு கனகக்குன்னு அரண்மனையின் விளக்கலங்காரம் பார்க்கப் புறப்படுகிறார்கள்.

அவிட்டம்

மிஞ்சிய கறிகளை ஒன்றாகக் கொதிக்கவைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். உப்பேரிப் பொட்டலத்தோடு மருமக்கள் தகப்பன்வழி வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். அங்கே தாத்தா பாட்டியும் ஓணத்தில் தங்கள் பங்குக்குக் காத்திருக்கிறார்கள். நேற்றுப் பரிமாறிய அம்மாவனின் சொந்தப் பிள்ளைகளுக்கும் இன்று பயணம் உண்டு. அவர்கள் போவது தங்கள் தாயுடன் பிறந்தவரின் வீட்டுக்கு, இலைபோடும் நேரத்துக்குள்.