வேம்பும் வெல்லமும்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைச் சாலையில் செல்பவன், சிப்காட் ஆலைகளின் சங்கொலி முதுகுக்குப் பின்னால் தேய்ந்து, 1824-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் மத்திகிரிக் கால்நடைப் பண்ணையின் மேய்ச்சல் நிலம் கண்ணில் படுகிற இடத்தில், தன்னையறியாமலே நடையைத் தளர்த்துகிறான். அவ்விடத்துக்கு அண்மையில், ஓட்டு வீடொன்றின் பின்கட்டில், அக்கம்பக்கத்தார் வளர்க்கும் ரோஜாவுக்கும் அவரைக்கும் வேண்டிய கரைசல்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு மூதாட்டியாரைக் காண, மார்கழி மாதத்துப் பிற்பகல் ஒன்றில் சென்றிருந்தேன். வீட்டாரிடம் தெலுங்கும், என்னிடம் தமிழும், மதிலுக்கு அப்பாலிருந்து எட்டிப்பார்த்த பெண்ணிடம் கன்னடமும் பேசியபடியே, அவர் வேப்பங்கொட்டைப் பருப்பை முறத்தில் ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை அது. மூன்று மாதம் கழியாததை அவர் தொடமாட்டார். பங்குனியைத் தாண்டியதில் வீரியம் இராது என்பார். பழுப்பேறியதையும் பூசணம் பிடித்ததையும் தள்ளி, எஞ்சியதை லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இடித்துத் துணியில் முடிந்து முன்னிரவே ஊறப்போட்டு, மறுநாள் முடிப்பைப் பிழியப் பிழியப் பால்போல் இறங்கும் சாற்றில், இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது சோப்பையும் கரைக்கிறார். வெயில் சாய்ந்த பிறகே தெளிக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் சூரிய ஒளியில் சிதைந்துபோகும் என்று விஞ்ஞானம் கூறும் காரணமும், அவருடைய அனுபவமும் இங்கே ஒன்றுபடுகின்றன. அப்பொருள் புழுவை உடனே கொல்வதில்லை. தின்னவொட்டாமலும் தோலுரித்து வளரவொட்டாமலும் தடுக்கிறது. ஆதலால், தெளித்த மறுநாளே பலன் தேடும் அவசரக்காரர் இதைப் பயனற்றதென்று கைவிடுகின்றனர். வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு அந்நிய நிறுவனமொன்று பெற்றிருந்த உரிமையை, அதில் புதுமை இல்லையென்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2000-ஆம் ஆண்டில் ரத்து செய்தது என் நினைவுக்கு வந்தது. இத்தகைய கைகளைப் பார்த்த எவருக்கும் அத்தீர்ப்பு வியப்பளிக்காது.

ரோஜா மொட்டொன்றில் அசுவினி அப்பிக்கிடந்ததைச் சுட்டிக்காட்டி, "இதற்குத் தெளிக்கவில்லையா, அம்மா?" என்றேன். அவர் குனிந்து நோக்கி, இலையடியில் முதலைபோல் ஊர்ந்த கரும்புழுவைக் காட்டினார். அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியே அதன் ஆகாரம். பயிரைக் கெடுக்கும் புழுவென்றெண்ணி அதை நசுக்குவோர் பலர். நானும் பல ஆண்டுகள் நசுக்கியிருக்கிறேன்.

"சாப்பிட வந்ததோட இலையை நாம இழுக்கக்கூடாதுங்க, ஐயா. நாலு நாள் பாப்போம்," என்றார்.

எதைத் தெளிப்பது என்பதைக் காட்டிலும் எப்போது தெளிக்காதிருப்பது என்பதை அறிவதே இத்தொழிலின் நுட்பம் என்று நான் கருதுகிறேன்.

ஊட்டத்துக்கான பானை தனியே, சாய்ப்பு நிழலில், ஈ புகாதபடி துணிகட்டி இருந்தது. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பிரபலமாக்கிய பஞ்சகவ்யம்: சாணமும் நெய்யும் மூன்று நாள் கலந்திருக்க, பின்னர் கோமியமும் நீரும், அதன் பிறகு பாலும் தயிரும் இளநீரும் வாழைப்பழமும் வெல்லமும் சேர, தினம் இருவேளை கலக்கி, 30 நாளில் பக்குவமாவது. லிட்டருக்கு 30 மில்லி போதும். நெய்க்கும் பாலுக்கும் ஆகும் செலவை அவர் மறைக்கவில்லை. எல்லா நோய்க்கும் இதுவே மருந்தென்று சொல்வோரை ஒப்புவதுமில்லை. இப்பிரதேசத்துக் குளிரில் ரோஜாவைப் பற்றும் சாம்பல் நோய்க்குப் புளித்த மோரையே நம்புகிறார். அதற்கும் அடங்காவிடில் கிளையை வெட்டி எரிக்கிறார்.

யுகாதியன்று இவ்வெல்லைப்புறத்து வீடுகளில் கன்னடத்தார் 'பேவு பெல்லா' என வேம்பையும் வெல்லத்தையும் சேர்த்து உண்பதும், தெலுங்கர் வேப்பம்பூப் பச்சடி செய்வதும் சம்பிரதாயம். விரட்டுவதற்கு வேம்பையும் ஊட்டுவதற்கு வெல்லத்தையும் இங்கே அடுத்தடுத்த பானைகளில் கண்டபோது, அந்தப் பண்டிகையை முதன்முறையாக அறிந்துகொண்டதுபோல் இருந்தது.

பொழுது சாய்ந்தது. பொறிவண்டு இருந்த செடியை மட்டும் விட்டுவிட்டு, ஏனையவற்றின் இலையடிகளில் சிரத்தையுடன் தெளித்து முடித்த அவர், கை கழுவிவந்து, ஒரு காகிதத்தில் இரண்டு கைப்பிடி பருப்பை மடித்து என்னிடம் நீட்டினார்.

"பங்குனிக்கு மேல வெச்சிருக்காதீங்க, ஐயா."