கரை மாறிய சிப்பி

சிப்பி என்றதும் முத்தே நினைவுக்கு வரும். முத்துக்காக அன்றி, உணவுக்காகவே வளர்க்கப்படும் சிப்பிகளும் உண்டு. அவற்றுள் உலகெங்கும் பெரிதும் வளர்க்கப்படுவது பசிபிக் சிப்பி. ஜப்பான் உள்ளிட்ட கிழக்காசியக் கடற்கரைகளே அதன் தாயகம்.

முட்டையிலிருந்து வெளிவரும் சிப்பிக் குஞ்சு இரண்டு மூன்று வாரங்கள் நீரில் நீந்தித் திரியும். பின்னர்ப் பாறையிலோ பழைய ஓட்டிலோ ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அது தானாக இடம்பெயர்வதில்லை. தன்னைச் சூழ்ந்த நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளை உண்டே வளரும். ஆதலால், நீர் எத்தன்மையதோ அத்தன்மையதே சிப்பியின் சுவையும்.

ஜப்பானுக்குள்ளேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். ஹிரோஷிமாவின் அமைதியான உள்கடலில், மிதவைகளில் தொங்கவிட்டு வளர்க்கப்படும் சிப்பி சதைப்பற்று மிக்கது. வடகிழக்கே உள்ள மியாகியின் சிப்பியோ குளிர்நீரில் வளர்வது. மியாகியின் குஞ்சுகள் கடல் கடந்தும் சென்றன. 1920களில் அவை கப்பலேறி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையை அடைந்தன.

1970ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டுச் சிப்பி வளர்ப்போருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. அவர்கள் வளர்த்துவந்த போர்ச்சுகீசியச் சிப்பிகள் நோயுற்று மடிந்தன. அவர்களது பிழைப்பே அற்றுப்போகும் நிலையில், மியாகியின் குஞ்சுகள் அங்குக் கொண்டுவரப்பட்டன. புதிய கரையில் அவை நன்கு தழைத்தன. மரேன் பகுதியின் களிமண் குளங்களில் நீலநிறமி கொண்ட ஒருவகை நுண்பாசி வாழ்கிறது. அதனை உண்ணும் சிப்பியின் செவுள்கள் பசுமை நிறம் பெறுகின்றன. அந்நிறமே அதற்குத் தனிப்பெருமை. வந்த சிப்பி, வாழும் நீரின் நிறத்தை ஏற்றது. எனினும் அதன் இனம் மாறவில்லை.

2011 மார்ச் 11 அன்று எழுந்த ஆழிப்பேரலை மியாகியின் சிப்பி வளர்ப்பிடங்களை வாரிச் சென்றது. மிதவைகளும் கயிறுகளும் படகுகளும் அழிந்தன. அச்செய்தியைக் கேட்ட பிரான்சு நாட்டுச் சிப்பி வளர்ப்போர், முன்பு பெற்ற உதவியை எண்ணி, வளர்ப்புக்கு வேண்டிய கருவிகளை மியாகிக்கு அனுப்பினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த குஞ்சுகளுக்கு அது கைம்மாறு.

ஓரிடத்தில் ஒட்டிய சிப்பிக்குத் தாய்க்கரை திரும்பும் வழியில்லை. அதனால் வாழ்வு பெற்றவர்களோ அக்கரையை மறக்கவில்லை.

பயிற்சி
1. மரேன் பகுதிச் சிப்பியின் செவுள்கள் பசுமை நிறம் பெறுவது ஏன்?
2. உம் குடும்பம் விட்டுவந்த ஊரிலிருந்து இன்றும் உம்முடன் இருப்பது எது? இப்போது வாழும் ஊர் உமக்குத் தந்தது எது? ஐந்து தொடர்களில் எழுதுக.