கூப்பனும் டோக்கனும்

கடைத்தெருவில் கிடைக்கும் தள்ளுபடிச் சீட்டுக்குக் 'கூப்பன்' என்று பெயர். ரேஷன் கடையில் அதே அளவுத் துண்டுத்தாள் 'டோக்கன்' ஆகிவிடுகிறது. இரண்டும் வெளியிலிருந்து வந்த சொற்களே. ஆயினும் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் ஒருவரும் இவற்றை மாற்றிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. பொங்கலுக்கு முன் பரிசுத் தொகுப்புக்கான டோக்கன், நாளும் நேரமும் குறிக்கப்பட்டு, வீடு தேடி வருகிறது. கூப்பனையோ நாம்தான் தேடிப் போக வேண்டும். தமிழ் படித்து அதையே கற்பித்துப் பிழைக்கும் எங்களுக்கு, அகராதி சொல்லாத இந்த வேறுபாடு பெரிதாகவே படுகிறது.

அமெரிக்காவில் 1880களின் இறுதியிலேயே கோகோ கோலா நிறுவனம் ஒரு கோப்பை பானம் இலவசம் என்று சீட்டு அச்சிட்டு வழங்கிற்று. செய்தித்தாளிலிருந்து கூப்பனைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்வது பிற்பாடு அந்நாட்டு இல்லத்தரசிகளின் வாராந்திர வேலையாயிற்று. நம் ஊரில் அது வேரூன்றவில்லை. காரணம் எளியது. கூப்பனுக்குரிய காசை உற்பத்தியாளர் கடைக்காரருக்குத் திருப்பித் தர வேண்டும். கம்பெனிக்காரன் எப்போது வருவான் என்று மளிகைக்கடை அண்ணாச்சி ஏன் காத்திருக்கப் போகிறார்? அவரிடம் வேறு சலுகைகள் இருந்தன. சம்பளத் தேதிவரை பொறுக்கும் கணக்கு நோட்டு ஒன்று, கொசுறு மற்றொன்று. காய்கறி வாங்கினால் கேட்காமலே பையில் விழும் கறிவேப்பிலைக் கொத்துக்கு இணையான கூப்பனை எந்த நிறுவனமும் இதுவரை அச்சிட்டதில்லை என்பது எங்கள் துணிபு. காலி உறைகளைச் சேர்த்துக் கொடுத்தால் எவர்சில்வர் டம்ளர் என்ற வழக்கம் மட்டும் சில காலம் இருந்தது. காப்பித்தூள் வாசனை போகாத அந்த உறைகளை அடுக்கி, நூல் கட்டி, பரண்மேல் வைத்திருந்த தாய்மார்கள் பலர்.

தேடி வருவதற்கும் இவ்வூரில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. தொண்டைமான்களின் சமஸ்தானம் அம்மன் காசு என்றொரு சின்னஞ்சிறு செப்புக்காசை வெளியிட்டு வந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கெழுத்தில் 'விஜய'. ஓர் அணாவுக்கு இருபது காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இதைத் தானமாக வழங்குவார்கள். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, காசும் போயிற்று. 'அம்மன் சல்லிக்குப் பெறாது' என்ற வசை மட்டும் தங்கிவிட்டது. கொடுத்த காசை வசையாக்கிக்கொண்ட சாமர்த்தியம் நம்முடையது!

இன்றைய கூப்பன் தாளாக இல்லை. கைப்பேசிக்குள் எண்ணாக இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் அதைத் தேடும் நாள். ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினால் நூறு கழிவு என்று ஒன்று வரும். வீட்டுக்கு வேண்டியதோ ஆயிரத்து முந்நூற்று இருபதுக்குத்தான். மிச்சம் நூற்றெண்பதுக்கு எதையாவது எடுத்துப் போடச் சொல்கிறது அந்தக் கூப்பன். நூறு மிச்சமென்று பெயர், கையிலிருந்து கூடுதலாகப் போவது எண்பது. வீட்டு அம்மையார் இந்தக் கணக்கை விரல்விட்டே போட்டு, பிஸ்கட் பொட்டலத்தை மறுபடி தட்டில் வைத்துவிடுவார். எண்ணெய்க்கும் சோப்புக்கும் வரும் நேர்க்கழிவு மட்டுமே எங்களுக்கு உதவுகிறது. மாதம் நூறு, நூற்றைம்பது தேறும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

அந்த ஒரு மணி நேரமே கூப்பனின் உண்மையான விலை. தேடுகிறவருக்கு ஒரு விலை, தேடாதவருக்கு வேறு விலை என்று ஒரே பொருளை விற்பதற்கான உபாயம் இது. தேடுவதற்கு ஓய்வும் எழுத்தறிவும் கைப்பேசியும் வேண்டும். ஆகவே, மாதச் சம்பளம் வாங்கும் எங்களுக்குக் குறைந்த விலையும், நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு முழு விலையும் அமைந்துவிடுகின்றன.

சென்ற மாதம் கடையொன்றில் எங்களுக்கு முன்னால் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். ஒரு லிட்டர் கடலை எண்ணெய், அவ்வளவுதான்.

"போன் நம்பர் சொல்லுங்க அப்பத்தா. சொன்னாத்தான் இருபது ரூவா கொறையும்."

"போனு மகங்கிட்டல்ல இருக்கு. அவன் திருப்பூர்ல கெடக்கான்."

"என் நம்பரைப் போட்டுக்கம்மா" என்றார் வீட்டு அம்மையார். இருபது ரூபாய் குறைந்தது. மூதாட்டி மீதச் சில்லறையை இருமுறை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு, "நல்லாருப்ப தாயி" என்று சொல்லிப் பேருந்துக்கு விரைந்தார்.

அந்த எண்ணெய்க்குரிய புள்ளிகள் பன்னிரண்டு எங்கள் கணக்கில் ஏறியிருக்கின்றன. அவை யாருடையவை என்பதில் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. மாத இறுதிக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகும் என்று நேற்று குறுஞ்செய்தி வந்தது.